வாரண்ட் இல்லாமலும் போலீஸ் வீட்டுக்குள் வரலாம்

மகன் மீது திருட்டு வழக்கு. வீட்டைச் சோதிக்க வந்த எஸ்.ஐ.யிடம் "வாரண்ட் எங்கே?" என்று கேட்டு, வாக்குவாதம் முற்றிக் கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டார் அப்பா. இப்போது அப்பா மேலும் வழக்கு. இதே மாதிரி வழக்குக் கட்டுகள் வழக்கறிஞரான என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன.

வாரண்ட் இல்லையென்றால் வாசலைத் தாண்டக்கூடாது என்று நம் சட்டத்தில் எங்குமே இல்லை. தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டுக்குக் காத்திருந்தால் தாமதமாகி, வழக்குக்குத் தேவையான பொருள் கிடைக்காமல் போகும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ நேராக வந்து தேடலாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 185ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலையில் முளைத்த அதிகாரம் அல்ல, அதற்கு முன்பிருந்த பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யிலும் 165ஆம் பிரிவாக இருந்ததுதான். கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருந்து, நீங்கள் திறக்க மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். 44ஆம் பிரிவின்படி கதவை உடைக்கவும் செய்யலாம்.

அதற்காக "அவசரம்" என்று வாயால் சொன்னால் போதுமா? போதாது. என்ன பொருளை, ஏன் அங்கே தேடுகிறோம் என்று முன்கூட்டியே கேஸ் டைரியில், அதாவது போலீஸின் விசாரணைக் குறிப்பேட்டில், எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். காரணம் எழுதாத சோதனை சட்டவிரோதம், அதைத் தடுத்தவரைத் தண்டிக்க முடியாது என்று 1959இல் ஒரு ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பைக் காட்டி மறிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டைரி போலீஸ் கையில் இருக்கிறது. எழுதினார்களா இல்லையா என்பது வாசலில் நிற்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, சில ஜூனியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சோதனை முறைகேடானது என்பதால் மட்டும் கிடைத்த பொருள் சாட்சியத்திலிருந்து விலகிவிடாது. உச்ச நீதிமன்றத்தின் 1973 பூரண்மல் தீர்ப்பைப் படியுங்கள்.

ஆகவே தடுக்காதீர்கள், கூடவே நில்லுங்கள். சோதனையின்போது உடனிருக்க 103ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அதிகாரியின் பெயர், பதவியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சியாக இருக்கிறார்களா என்று பாருங்கள். பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இப்போது முழுச் சோதனையையும் போலீஸ் வீடியோ எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். மகஜரை (சோதனையில் நடந்ததை எழுதும் பத்திரத்தை) படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலை வாங்காமல் அவர்களை அனுப்பாதீர்கள்.

மாஜிஸ்திரேட்டுக்குப் போன பதிவின் நகல், வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைக்கும். பலர் அந்த விண்ணப்பத்தைப் போடுவதே இல்லை. நீதிமன்ற விசாரணை தொடங்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே போடுங்கள்.