சிடி நார்மல்னு வந்தா ஸ்ட்ரோக் இல்லைன்னு அர்த்தம் இல்லங்க

ஸ்கேன் ரூம் வாசல்ல வச்சு என்கிட்ட அடிக்கடி கேப்பாங்க, "டாக்டர், சிடி நார்மல்னு சொல்றீங்க, அப்ப ஏன் அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு, கை தூக்க முடியல?" நியாயமான கேள்விதான். ஆனா ரத்தக்குழாய் அடைச்சு வர்ற ஸ்ட்ரோக்ல முதல் சில மணி நேரம் சிடி நார்மலாவே இருக்கலாம், அந்த முதல் சிடிய நாங்க எடுக்குறதே முக்கியமா மூளைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான். கசிவு இருந்தா பளிச்னு வெள்ளையா தெரிஞ்சுடும், அப்புறம் குழாய அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்குற ஊசி பக்கமே போகக்கூடாது.

அதுக்காக சிடில ஒண்ணுமே தெரியாதுன்னும் இல்ல. சில பேருக்கு அடைச்ச குழாயே வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். மூளைல இன்சுலான்னு ஒரு பகுதி, அதோட ஓரம் ரிப்பன் மாதிரி தனியா தெரியணும், அது மங்கிடும். மூளை மடிப்புகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளி ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சிருக்கும். எல்லாமே லேசா தலையக் காட்டுற விஷயம், வலதையும் இடதையும் மாத்தி மாத்தி பாத்து, கான்ட்ராஸ்ட் செட்டிங்க குறுக்கிப் பாத்தாதான் பிடிபடும் (தூக்கக் கலக்கத்துல பாத்தா விட்டுப்போயிடும், அத ஒத்துக்கணும்).

எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு படம் எடுப்போம், எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது. ரத்தம் வரலைன்னா செல்லுக்கு சக்தி இல்ல, சோடியத்த வெளிய தள்ளுற பம்ப் நின்னுடும், சோடியம் உள்ள போக கூடவே தண்ணியும் போயி செல் உப்பிடும், அப்புறம் அங்க தண்ணி மூலக்கூறுகளால முன்ன மாதிரி ஓடியாட முடியாது. அந்த முடக்கம்தான் வெள்ளையா தெரியுது, அடைப்பு வந்து சில நிமிஷத்துலயே கூட. ஏடிசின்னு இன்னொரு படத்துல அதே இடம் கறுப்பா இருக்கணும், இல்லன்னா பழைய மாற்றமா இருக்கலாம். சின்ன ஸ்ட்ரோக், முக்கியமா மூளையோட பின்பக்கம் வர்றது, இதுலயும் ஆரம்பத்துல தப்பிச்சுடும். அதனால நோயாளியப் பாத்த டாக்டர் ஸ்ட்ரோக்தான்னு சொன்னா என் படத்த விட அவர் பேச்சுக்குத்தான் நான் மதிப்பு குடுப்பேன்.

தூங்கி எந்திரிக்கும்போதே கை கால் விளங்காம இருக்குறவங்கள்ல ஃப்ளேர்னு ஒரு படம் கைகொடுக்கும். டிஃப்யூஷன்ல வெள்ளை, ஃப்ளேர்ல இன்னும் ஒண்ணும் தெரியலன்னா, ஆரம்பிச்சு பெரும்பாலும் 4.5 மணி நேரத்துக்குள்ளதான் இருக்கும், ஊசி போடலாமான்னு யோசிக்க இடம் இருக்கு.

எல்லா இடத்துலயும் நடுராத்திரி எம்ஆர்ஐ கிடைக்காது. அதனால கூட வர்றவங்ககிட்ட நாங்க திரும்பத் திரும்ப கேப்போம், கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? "ராத்திரி 10 மணிக்கு படுத்தாரு"ன்னு சொல்வாங்க. காலைல 6 மணிக்கு வந்தா கணக்கு 8 மணி நேரம். இன்னும் கொஞ்சம் தோண்டினா, "2 மணிக்கு பாத்ரூம் போயிட்டு நல்லாத்தான் நடந்து வந்தாரு, தண்ணி கூட கேட்டாரு" அப்படின்னு வரும். இப்ப கணக்கு 4 மணி நேரம், ஊசிக்கான அந்த 4.5 மணி நேரத்துக்குள்ள.