பவரைக் கூட்டினால் வைஃபை வேகம் கூடாது

இந்த மாதமும் திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி, அதே முறைப்பாடு: "சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா ஒண்டும் ஓப்பன் ஆகுதில்லை." ரவுட்டரின் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தால் ட்ரான்ஸ்மிட் பவர், அதாவது ரவுட்டர் அலையை அனுப்பும் பலம், 30 டிபிஎம் (பவரை அளக்கும் அலகு). எல்லா வேகத்துக்கும் அதே அளவாகப் பூட்டியும் இருக்கிறது. நாடு என்ற இடத்தில் வேறு ஏதோ ஒரு நாடு. நிலாவெளி, உவர்மலை, கிண்ணியா என்று எங்கே போனாலும் இதையேதான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை எழுதியே ஆகவேண்டும்.

கணக்கு சின்னதுதான். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 3 கூடினால் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. ஆகவே 23 என்பது 200 மில்லிவாட், 30 என்பது ஒரு வாட். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாக 6 டிபி (டிபிஎம்மில் கூடும், குறையும் அளவுதான் டிபி), அதாவது நான்கு மடங்கு பவர் வேண்டும். 27ஐ 30 ஆக்கிவிட்டு கடற்கரைக் கடைசி அறை வரை வைஃபை போகும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போனில் தெரியும் கோடுகள் ரவுட்டர் சொல்வதைப் போன் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை எந்தக் கோடும் காட்டாது. வைஃபையில் போனுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் (தகவலின் சிறு துண்டு) "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரவேண்டும். போன் அனுப்புவது ஏறக்குறைய 15 டிபிஎம்தான். ரவுட்டரை 30க்கு ஏற்றினாலும் போனின் 15 அப்படியேதான் இருக்கும். பதில் வராவிட்டால் ரவுட்டர் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கோடு நிறைய, வேகம் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி இரண்டு பக்கப் பேச்சைச் சரிசெய்ய முடியாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

அடுத்தது எல்லா வேகத்துக்கும் ஒரே பவர் என்று பூட்டுவது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். உங்கள் ரவுட்டருக்குள் இருக்கும் ரேடியோ கார்டின் தரவுத்தாளை (கம்பனி தரும் விவரத்தாள்) ஒரு தடவை திறந்து பாருங்கள். 6 மெகாபிட் வேகத்துக்கு ஒரு பவர் இருக்கும். மேல்வேகங்களுக்கு வரவர அது 5, 7 டிபி குறைந்திருக்கும். கம்பனிக்காரன் கஞ்சத்தனத்தில் குறைக்கவில்லை. மேல்வேகத்துக்குச் சுத்தமான சிக்னல் வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் கார்டில் உள்ள ஆம்பிளிஃபயர் அலையைச் சிதைத்துவிடும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பினால் சத்தம் ஊருக்கே கேட்கும், பாட்டு வரி ஒன்றும் விளங்காதே, அதுதான். கார்டும் சூடேறும், நாளடைவில் பழுதாகும். இரண்டு செயின் (தனித்தனியாக அனுப்பும் பாதை) உள்ள கார்டில் காட்டுவது ஒரு செயினின் பவரா மொத்தமா என்றும் பாருங்கள். 3 டிபி வித்தியாசம் அங்கேயே ஒளிந்திருக்கும்.

அன்டெனாவை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. 23 டிபிஎம் கார்டு, 24 டிபிஐ தட்டு அன்டெனா (டிபிஐ என்பது அன்டெனா ஒரு திசையில் குவித்துக் கூட்டும் அளவு), கேபிளில் 1 டிபி இழப்பு: மொத்தம் 46 டிபிஎம். தட்டு நோக்கும் திசையில் அது 40 வாட்டுக்குச் சமம்! சட்ட எல்லை பெரும்பாலும் இந்த மொத்தத்துக்குத்தான், கார்டில் தெரியும் எண்ணுக்கு மட்டும் அல்ல. நாட்டை மாற்றி வைப்பவர்கள் எல்லையை மட்டும் மாற்றவில்லை, சானல்களையும் மாற்றுகிறார்கள். 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை பல நாடுகளில் வானிலை ராடார் வேலை செய்யும் இடம். இங்கே எது அனுமதி என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், வீடியோவிடம் அல்ல.

சரி, என்ன செய்வது? மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் பவர் மோடை டீஃபால்ட்டிலேயே விடுங்கள். நாடு இலங்கை, ஃபிரீகுவென்சி மோட் ரெகுலேட்டரி டொமைன், அன்டெனா கெயின் (அந்த டிபிஐ) உண்மையான எண். மிச்சத்தைக் கார்டே கழித்துக்கொள்ளும். லினக்ஸில் ஐடபிள்யூ (iw) என்ற வைஃபை கட்டளை டிபிஎம்மின் நூறில் ஒரு பங்கில் கணக்கு வைக்கும். 20 டிபிஎம் வேண்டுமானால் 2000 என்று அடிக்க வேண்டும். 20 என்று மட்டும் அடித்துவிட்டுக் கார்டு செத்துவிட்டது என்று கொண்டுவருகிறார்கள். விடுதிக்குள் சிக்னல் போதவில்லையா? இன்னொரு அக்சஸ் பொயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) போடுங்கள், இரண்டின் பவரையும் குறையுங்கள். அன்டெனா பூட்டாமல் ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது.

கொட்டியாரக் குடாவைத் தாண்டி இணைப்புப் போடும் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. பத்துக் கிலோமீட்டர் இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 11 மீட்டர் ஆரத்துக்கு வெளி வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பத்தை உயர்த்துங்கள். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்து வரும். பவரைக் கூட்டினால் அதுவும் சேர்ந்துதான் கூடும். முன்பு நன்றாக ஓடிய இணைப்பு மெல்ல மெல்ல இறங்கினால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் உப்புக்காற்றில் அது பச்சையாகப் பூத்திருக்கும். அங்கே போகும் 3 டிபி அனுப்புவதிலும் போகும், கேட்பதிலும் போகும். கேட்பதில் போனதைப் பவரால் மீட்க முடியாது. கனெக்டரை மாற்றி, தண்ணீர் புகாத டேப் சுற்றி, தட்டை மறுபடி நேராக்குங்கள். இரண்டு முனையிலும் கிடைக்கும் சிக்னல் மைனஸ் 50க்கும் மைனஸ் 65 டிபிஎம்முக்கும் இடையில் வந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.