நான்கு ஆரஞ்சு, எட்டுப் பேர், எடுக்க மறந்த தண்ணீர்

கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி கொடுப்பது என் தொழில். "கப்பலைக் கைவிடச் சொன்னால் முதலில் எதை எடுப்பாய்?" என்று கேட்டால் செல்போன், பாஸ்போர்ட், சி.டி.சி. (கப்பல் பணிப் பதிவுப் புத்தகம்) என்று பதில் வரும். தண்ணீர் என்று சொல்லும் பையன் அபூர்வம். அந்த இடத்தில்தான் 1942-ஐ ஆரம்பிப்பேன்.

அந்த அக்டோபரில் ஹவாயிலிருந்து கான்டன் தீவுக்குக் கிளம்பிய அமெரிக்க பி-17 விமானம் வழிதவறி, எரிபொருள் தீர்ந்து பசிபிக்கில் இறங்கியது. முதல் உலகப்போரில் பேர்வாங்கிய விமானி எடி ரிக்கன்பேக்கரோடு சேர்த்து எட்டுப் பேர், மூன்று ரப்பர் ராஃப்ட் (காற்றடைத்த மிதவை). இறங்கிய களேபரத்தில் தண்ணீரும் சாப்பாடும் விமானத்திலேயே தங்கிவிட்டன. மிஞ்சியது நான்கு ஆரஞ்சு.

எட்டாம் நாள் ரிக்கன்பேக்கரின் தலையில் ஒரு கடற்புறா வந்து உட்கார, அதைப் பிடித்துப் பங்கு போட்டார்கள்; குடல் தூண்டில் இரையானது. வகுப்பு நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான். எனக்கோ, பிறகு பெய்த மழைதான் பாடம். சட்டையை மழையில் விரித்து, ஊறியிருந்த உப்பு போகப் பிழிந்து கொட்டிவிட்டு, அதற்குப் பிறகே தண்ணீர் சேர்த்தார்கள். இன்றைய ராஃப்ட் கூரையில் வடியும் முதல் மழைநீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கொட்டிவிடுங்கள்.

24 நாள் கழித்து மீண்டவர்கள் ஏழு பேர். ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்த ஒரு சார்ஜென்ட் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்திருந்தார். அவர் கரை சேரவில்லை.

"ஒரு மடக்குதானே சார்?" என்று எப்போதும் ஒருவன் கேட்பான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு கரிப்பாகச் சிறுநீரை வெளியேற்ற முடியாது. அந்த உப்பைத் தள்ள உடம்பிலிருக்கும் நல்ல தண்ணீரும் போகும். தாகம் கூடும், புத்தி பேதலிக்கும். அதே இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் படகு, ராஃப்ட் கணக்கைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். கடல்நீர் குடித்தவர்கள் இருந்த படகுகளில் நூற்றுக்குச் சுமார் 39 பேர் இறந்திருந்தார்கள். யாரும் குடிக்காத படகுகளில் மூன்று பேர்தான்.

ராஃப்டில் ஏறியதும் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் கடல் குமட்டலுக்கான மாத்திரையைப் போடுங்கள். வாந்தியில் போவதும் தண்ணீர்தான். அடிபட்டவர், நோயாளி தவிர மற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரம் தண்ணீர் கிடையாது. பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் உடம்பில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும்.

ராஃப்டுக்குள் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான் இருக்கும். நேரம் கிடைத்தால் மெஸ்ஸிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து எடுங்கள். விளிம்புவரை ரொப்பாமல் கொஞ்சம் காலியாக விட்டு மூடுங்கள். கைநழுவி விழுந்தாலும் மிதக்கும், எட்டிப் பிடித்துவிடலாம்.