நசுக்கினால் பிறக்கும் ஆயுதம்

முழுப் பூண்டுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக வாசம் வராது. நசுக்கியதும் மூக்கைத் துளைக்கும். பல்லின் செல்களுக்குள் அல்லீன் என்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. நசுங்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. பாக்டீரியாவின் நொதிகளில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பார்த்து இது ஒட்டிக்கொள்ள, அந்த நொதிகள் முடங்கிப்போகின்றன.

செடியால் எழுந்து ஓட முடியாது. அதனால் நின்ற இடத்திலேயே ரசாயனத்தால் போராடுகிறது. அந்த ரசாயனம் சால்மோனெல்லா, ஈ. கோலை, லிஸ்டீரியா போல உணவில் தொற்றி நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகளையும் அடக்குமா என்பதுதான் கேள்வி.

கிராம்பின் யூஜெனாலும் ஓமத்தின் தைமாலும் வேலை செய்யும் விதம் வேறு. இரண்டும் எண்ணெயோடு எளிதில் கலப்பவை. பாக்டீரியாவின் செல் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். சவ்வுக்குள் இவை புகுந்து அதை நெகிழவைத்ததும், உள்ளிருக்கும் பொட்டாசியம் ஓட்டைக் குடத்து நீர் போலக் கசிந்துவிடும்.

ஆனால் எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை பாக்டீரியாக்களை கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரித்தது. சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் கிராம்-நெகட்டிவ். அவற்றுக்குக் கூடுதலாக ஒரு புறச்சவ்வு உண்டு. எண்ணெய்த் தன்மையுள்ள பல பொருள்களை அது வாசலிலேயே நிறுத்திவிடும். புறச்சவ்வு இல்லாத லிஸ்டீரியாவை வீழ்த்தும் செடிச் சாறு சால்மோனெல்லாவிடம் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். தைமால் விதிவிலக்கு, அது புறச்சவ்வையே குலைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பெர்பெரிஸ் செடிகளின் கதை. அவற்றில் இருக்கும் பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளை ஸ்டெபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஒரு பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் அதே செடி தயாரிக்கிறது என்று 2000இல் தெரியவந்தது. அந்தப் பொருளுக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லை. பெர்பெரினோடு சேர்ந்தால்தான் அதன் அருமை புரியும். ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கும்.

சரி, சாறு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கிருமி வளர்வதற்கான அகர் என்ற கூழ் நிரப்பிய தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் தாள்வட்டை வைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் தட்டு ஆடை படர்ந்தது போல மங்கியிருக்கும். சாறு பலித்திருந்தால் வட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். வளையத்தின் அகலத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது தவறு. எண்ணெய்ப் பொருள்கள் நீர்ச்சத்துள்ள அகரில் சரியாகப் பரவாது. சாறெடுக்கப் பயன்பட்ட ஆல்கஹாலே கிருமியைக் கொன்றிருக்கவும் கூடும். அதனால் வெறும் ஆல்கஹால் தொட்ட வட்டு ஒன்றையும் பக்கத்தில் வைப்பார்கள். அப்புறம் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார்கள்.

உணவுக்குள் போனதும் கணக்கு மாறுகிறது. கொழுப்பும் புரதமும் இந்த மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தட்டில் போதுமானதாக இருந்த அளவு உணவில் போதாது. அளவைக் கூட்டினால் வாசம் உணவையே கெடுத்துவிடும். அதனால்தான் சாற்றை நுண்துளிகளாக்குவது, குறைந்த அளவு சாற்றோடு அமிலத்தையும் குளிரையும் சேர்ப்பது என்று முயல்கிறார்கள். ஸ்டெபிலோகாக்கஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: கிருமி செத்தாலும் அது ஏற்கெனவே உணவில் விட்ட நச்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. அங்கே சாறு கிருமி பெருகுவதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.