வாக்சல்: கனசதுரம் அல்ல, பருமக்கூறு

வாக்சல் என்றதும் கேம் ஆடுபவர்களுக்குக் கட்டம் கட்டமாக அடுக்கிய மலைகள்தான் நினைவுக்கு வரும். சொல்லுக்குள் கட்டம் எதுவும் இல்லை. 'வால்யூம்', 'எலிமென்ட்' இரண்டையும் ஒட்டிச் சுருக்கியது அது. அதன் வார்ப்பு, படத்தின் மிகச் சிறிய புள்ளியைக் குறிக்கும் பிக்சல் என்ற சொல்லிலிருந்து வந்தது. 'பிக்சர்ஸ்' என்பதைப் பேச்சுவழக்கில் 'பிக்ஸ்' என்பார்கள். அதோடு எலிமென்டின் தலைப்பகுதி சேர்ந்து பிக்சல் ஆயிற்று. 1965-ல் ஃபிரெட் பில்லிங்ஸ்லி விண்கலப் படங்களைப் பற்றி எழுதும்போது அதை அச்சில் ஏற்றினார். வால்யூமில் 'க்ஸ்' ஒலியே கிடையாது; வாக்சலில் அது பிக்சலிடம் வாங்கிய கடன்.

பொருள் எளிது: முப்பரிமாண வெளியில் ஓர் இடத்துக்கு உரிய மதிப்பு. சிடி ஸ்கேனில் அந்த மதிப்பு, உடலின் அந்தப் பகுதி எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பது. கேம் நிலப்பரப்பில் 0 என்றால் காற்று, 1 மண், 2 கல் என்று வைத்துக்கொள்ளலாம். வடிவம் அதில் சேர்த்தி இல்லை. 1987-ல் வெளியான 'மார்ச்சிங் கியூப்ஸ்' முறை இதே போன்ற மதிப்புகளிலிருந்து வழவழப்பான பரப்பை எடுத்துத் தருகிறது.

ஆகவே 'கனசதுரப் புள்ளி' என்று பெயர்ப்பது பிழை. பிக்சலைப் படவணு என்பதால் இதைக் 'கனவணு' எனலாம்தான். ஆனால் படிப்பவர் கனவில் போய் நிற்பார். வால்யூமுக்கு வேதியியல் பாடத்தில் பழகிய 'பருமன்' இருக்கிறது. 'பருமக்கூறு' என்பதே என் தேர்வு. முக்கோணங்களை ஒட்டிப் பரப்பை உருவாக்கும் மெஷ் என்பதற்கு வெறும் 'வலை' போதாது, இணையம் அதைப் பிடித்துக்கொண்டது. 'முக்கோண வலை' என்றால் குழப்பமில்லை.

மதிப்பையும் கனசதுரத்தையும் ஒன்றாக எண்ணினால் நிரலிலும் அடி விழும். கேம் நிலப்பரப்பைத் துண்டம் துண்டமாகப் பிரித்து வைப்பார்கள்; 16×16×16 துண்டத்தில் 4,096 பருமக்கூறுகள். ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக வைத்தால், அத்தனையையும் தனித்தனியே வரையச் சொல்லியே கணினியின் செயலி களைத்துவிடும். சரி, எல்லாவற்றையும் ஒரே முக்கோண வலையாக ஒட்டிவிடலாமே? கனசதுரத்துக்கு 12 முக்கோணம் வீதம் 49,152 ஆகும். ஒரு மூலையில் மூன்று முகங்கள் சந்திக்கின்றன, மூன்றும் வேறு வேறு திசை பார்க்கின்றன. முனை ஒவ்வொன்றும் தன் முகத்தின் திசையையும் சுமப்பதால், ஒரு மூலைக்கு மூன்று முனைகள் வேண்டும். எனவே கனசதுரத்துக்கு 8 அல்ல, 24 முனைகள். மொத்தம் 98,304. எந்த முனை என்று எண்ணால் காட்டும் சுட்டெண் 16 பிட் ஆனால், அதனால் எட்ட முடிவது 65,536 மட்டுமே.

கனசதுரத்தை மறந்துவிட்டு மதிப்பைப் படிப்பதுதான் வழி. பக்கத்தில் காற்று இருக்கும் முகத்தை மட்டும் வரைய வேண்டும். காற்று சூழ்ந்த, முழுவதும் கல்லான துண்டத்துக்கு 1,536 முகங்களே தேவைப்படும். ஒரே பொருளாலான அடுத்தடுத்த முகங்களைப் பெரிய செவ்வகமாக இணைக்கும் 'கிரீடி மெஷிங்' முறையில் அது ஆறு செவ்வகமாகச் சுருங்கும். அப்போது கல்லின் படம் செவ்வகம் முழுக்க இழுபடாமல், திரும்பத் திரும்ப ஒட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

துண்டத்தின் விளிம்பில் இருக்கும் கூறுகளுக்கு, அடுத்த துண்டத்தின் மதிப்பையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துண்டங்களுக்கு நடுவே யாரும் பார்க்காத சுவர்கள் எழும். ஆட்டக்காரர் விளிம்பில் ஒரு கல்லை உடைத்தால், இரு துண்டங்களின் வலையையும் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.