ஆட்டைப் பிடிப்பவர் கையில் பாதி வேலை

ஆட்டுக்கு ரத்தம் எடுக்கும்போது எல்லார் கண்ணும் ஊசி போடுபவர் மேல்தான் இருக்கும். ஆனால் ரத்த மாதிரி நன்றாக வருவதும் வீணாவதும் பெரும்பாலும் பிடிப்பவரைப் பொறுத்தது. ஆடு ஒருமுறை தலையை உதறினால் போதும், ஊசிமுனை சிரையை, அதாவது ரத்தம் எடுக்கும் குழாயை, கிழித்துவிடும். ரத்தம் கட்டி வீங்கிய அந்த இடத்தில் மறுபடி எடுப்பது கடினம்.

கொம்பை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இறுக்கவும் வேண்டாம். மூச்சுக்குழல் அழுந்தினால் சாதுவான ஆடும் துள்ளும். ஆட்டின் பின்பக்கம் சுவர் மூலையில் படும்படி ஒதுக்கி, தோள்பட்டையின் இருபுறமும் கால் வைத்து நின்று, முழங்கால்களால் அணைத்துக்கொள்ளுங்கள். முதுகில் உட்காரக் கூடாது. சினை ஆடு என்றால் பக்கவாட்டில் நின்று சுவரோடு சேர்த்துப் பிடிப்பதே நல்லது. பிறகு கீழ்த்தாடைக்கு அடியில் கை கொடுத்து, தலையைச் சற்றே உயர்த்தி, எடுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சுமார் 30 டிகிரி திருப்புங்கள். நன்றாகத் தெரியட்டும் என்று பலர் முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது தசை இழுபட்டுச் சிரை தட்டையாகி, விரலுக்கே அகப்படாது.

தாடைக் கோணத்திலிருந்து நெஞ்சு வரை மூச்சுக்குழலை ஒட்டி ஒரு பள்ளம் இறங்கும். கழுத்துச் சிரை ஓடுவது அதில்தான். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரித்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரமான ஸ்பிரிட் ஊசியோடு உள்ளே போனால் செவ்வணுக்கள் உடையும். பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரலால் அழுத்தினால் மேலே சிரை கயிறுபோல் புடைக்கும். மறுகையால் அதைச் சுண்டிப் பாருங்கள். அலை ஓடுவது விரலில் தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் புடைப்பு தணிந்தால் அது சிரைதான். துடிப்பது தமனி, சிரைக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. ஊசியை ஆழமாக இறக்கி, பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் பீய்ச்சினால் உடனே எடுத்துவிட்டு 5 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீர்ச்சத்து குறைந்த ஆட்டில் சிரை மெதுவாகத்தான் நிரம்பும். பதறாமல் காத்திருங்கள்.

வளர்ந்த ஆட்டுக்கு 18 அல்லது 20 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு), 1 அங்குல ஊசி போதும். கழுத்தின் நடுப்பகுதியில் சுமார் 30 டிகிரி சாய்வில் செலுத்தி, சிரிஞ்சை மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் சிரைச் சுவர் ஊசிவாயில் ஒட்டிக்கொள்ளும், ரத்தம் நின்றுவிடும். 5 மி.லி. எடுத்தபின் முதலில் கட்டைவிரலைத் தளர்த்துங்கள், அப்புறம் ஊசியை உருவுங்கள். வரிசை மாறினால் அழுத்தத்தில் இருக்கும் ரத்தம் தோலடியில் கசிந்து கட்டும். உருவியதும் பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள்.

சீரம் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) எடுப்பதற்கான குழாயை முதலில் நிரப்பி, ஊதா மூடிக் குழாயை அடுத்து நிரப்புங்கள். ஊதா மூடிக் குழாயிலுள்ள உறைதடுப்பு மருந்து சீரத்தில் துளி கலந்தாலும் கால்சியம் அளவு குறைத்துக் காட்டும். ஊதா மூடிக் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்க வேண்டாம். சீரம் குழாயை அரை மணி நேரம் நிழலில் அசையாமல் வைத்து, ரத்தம் உறைந்த பிறகே ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். கருச்சிதைவு கண்ட மந்தையில் அதை உண்டாக்கும் புருசெல்லா என்ற கிருமி இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். அங்கே எடுப்பவர், பிடிப்பவர் இருவருமே கையுறை போட்டிருக்க வேண்டும்.