டீபக்: பிழைத்திருத்தமா, வழுநாடலா?

வலையமைப்பை ஸ்கேன் செய்யும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்புக் குறிப்பைச் சென்ற வாரம் தமிழில் படித்தேன். ‘பிழைகள் திருத்தப்பட்டன. பிழைத்திருத்தப் பதிவுகள் மேம்படுத்தப்பட்டன’ என்று இரண்டே வரி. முதல் வரி புரிகிறது. இரண்டாவதைப் படிப்பவர், திருத்திய பிழைகளின் பட்டியலை ஏதோ செம்மைப்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார். மூலத்தில் இருந்தது ‘டீபக் லாக்’, அதாவது மென்பொருளில் கோளாறு எங்கே என்று தேடுவதற்காக (டீபக்) அது நடந்ததை வரிசையாகக் குறித்துவைக்கும் ஏடு (லாக்). இந்தத் தமிழாக்கம் கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இந்த முறை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சொற்பிறப்பு சுருக்கமாக. ‘பக்’ என்றால் பூச்சி. இயந்திரக் கோளாறை அப்படிச் சொல்வது கணினிக்கு முந்திய வழக்கு. 1878-இல் எடிசன் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ரிலே எனும் மின்விசை ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலரும் எழுதுவது தவறு. ‘டீ’ நீக்கலைக் குறிக்கும் முன்னொட்டு. ‘லாக்’ கப்பலிலிருந்து வந்தது: கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து வேகத்தை அளந்தார்கள், அதைக் குறித்த ஏடு லாக்புக், பிறகு நடந்ததை நேர வரிசையில் குறிப்பதெல்லாம் லாக் ஆயிற்று.

இனி ‘பிழைத்திருத்தம்’. முதலில், பிழையைத் திருத்துவது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே வல்லினம் மிகாது. ‘பிழைதிருத்தம்’ என்றே எழுத வேண்டும். சரி, ஒற்றை நீக்கிவிட்டாலும் சிக்கல் தீரவில்லை. பிழைதிருத்தம் அச்சுத் தொழிலுக்கு உரிய சொல். மெய்ப்புத் தாளில் பிழை கண்ணெதிரே கிடக்கிறது, கண்டதும் திருத்தலாம். டீபக் செய்பவருக்கோ பிழை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அதைத் தேடுவதுதான் வேலை. கண்டுபிடித்த பின் ஒரு வரியை மாற்றினால் போதும் என்பதே பெரும்பாலும் நிலைமை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நான் பயன்படுத்திய வலையமைப்பு ஸ்கேனர் ஒன்று, திறந்திருந்த 8080 போர்ட்டை (போர்ட் என்பது கணினிக்குள் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயில்) ‘மூடியது’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. டீபக் நிலையை இயக்கி, லாக்கில் மூன்று வரிகளைப் பார்த்தேன். 10:42:07.310-க்குப் பாக்கெட் (வலையமைப்பில் அனுப்பும் சிறு தரவுத் துண்டு) போயிருந்தது. 10:42:08.310-க்குப் பதிலுக்கான காத்திருப்பு முடிந்தது. 10:42:08.352-க்குப் பதில் வந்து, ஏற்கப்படாமல் தள்ளப்பட்டிருந்தது. 42 மில்லிநொடித் தாமதம்! அதைவிட மோசம், பதில் வராத போர்ட்டை ‘மூடியது’ என்று முடிவுகட்டியது. மூடிய போர்ட் மறுப்புப் பாக்கெட்டை அனுப்பும். பதிலே இல்லையென்றால் இடையில் ஏதோ தடுக்கிறது, அல்லது பாக்கெட் தொலைந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். இந்த மூன்று வரிகளும் எதையும் திருத்தவில்லை. வழியைக் காட்டின, அவ்வளவுதான். இவற்றைத் ‘திருத்தப் பதிவு’ என்று எந்தக் கணக்கில் சொல்வது?

அமைப்புப் பக்கத்தில் ‘பிழைத்திருத்தம்: இயக்கு’ என்று எழுதிவைத்தால் பயனர் என்ன நினைப்பார்? மென்பொருள் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்று நினைப்பார். இயக்கிவிட்டு, ஒன்றும் சரியாகவில்லையே என்று காத்திருப்பார். அவர்மேல் குற்றமில்லை.

‘டீ’ என்றால் நீக்கம்தானே, திருத்தம் என்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நீக்கம். தொழிலைப் பார்த்தால் தேடல். மொழிபெயர்ப்பவர் பார்க்க வேண்டியது தொழிலை. ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்று வள்ளுவர் எவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்! நோயை நாடுவது வேறு, தணிப்பது வேறு. அந்த ‘நாடல்’ நமக்கு அப்படியே பொருந்துகிறது.

‘பக்’ என்பதற்கு ‘வழு’ என்ற சொல் கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை நன்னூல் சொல்கிறது. விதியிலிருந்து நழுவுவதே வழு. எழுதியவர் எண்ணியதிலிருந்து நிரல் நழுவுவதும் அதுவே. பழஞ்சொல், யாருக்கும் புரியாது என்கிறார்கள். கடமை வழுவாமல், நெறி வழுவாமல் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அது மட்டும் புரிகிறதா?

பிழை என்ற சொல்லை ‘எரர்’ என்பதற்கு விட்டுவைப்பதே நல்லது. இரண்டும் ஒன்றல்ல. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி உலாவியில் வந்தால் அது பிழை; நிரலில் வழு ஏதும் இல்லை. ஸ்கேனருக்கோ அந்த மறுப்பே தேடிய விடை. இரண்டுக்கும் ‘பிழை’ என்றே எழுதுகிறவர், மென்பொருளை ஒருமுறையாவது இயக்கிப் பார்த்தாரா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. இப்போதைய தமிழாக்கங்களில் பெரும்பகுதி அட்டவணையில் சொல்லுக்குச் சொல் நிரப்பியவைதான். திரையில் எங்கே வரும், யார் படிப்பார் என்று பார்ப்பதே இல்லை.

‘லாக்’ என்பதற்குப் ‘பதிவு’ வேண்டாம். ஆவணப் பதிவு, ஒலிப்பதிவு, வலைப்பதிவு என்று அது ஏற்கெனவே களைத்துப்போன சொல். ‘பதிகை’ போதும், விக்கிப்பீடியாவின் ‘புகுபதிகை’யால் பலருக்கும் பழகியதுதான். ஆக, பக் வழு, அதைச் சரிசெய்வது வழுநீக்கம், டீபக் வழுநாடல், டீபக் லாக் வழுநாடல் பதிகை.

‘மேம்படுத்தப்பட்டன’ என்பதும் ஒன்றும் சொல்லாத சொல். எது மேம்பட்டது? ஆங்கிலக் குறிப்பைத் தேடிப் படித்துவிட்டு, அந்த இரண்டு வரிகளை இப்படி மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன்: ‘வழுக்கள் நீக்கப்பட்டன. ஒவ்வொரு பாக்கெட்டும் போன நேரமும் பதில் வந்த நேரமும் இனி வழுநாடல் பதிகையில் இருக்கும்.’